வாடையில் தெற்கே, தென்றலில் வடக்கே: புதுச்சேரியிலிருந்து சைக்கிளில் கிளம்புகிறவர்களுக்கு ஒரு காற்றுக் காலண்டர்

நீண்டதூர சைக்கிள் பயணம் என்றதும் பெரும்பாலானவர்கள் முதலில் பார்ப்பது லீவு காலண்டரைத்தான். தீபாவளியை ஒட்டி நாலு நாள், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம், மே மாதம் பள்ளி விடுமுறை. தேதி முடிவானதும் ஊர், ஊர் முடிவானதும் லாட்ஜ், லாட்ஜ் முடிவானதும் புது டயர். காற்று எந்தப் பக்கமிருந்து வீசும் என்ற கேள்வி, கிளம்பிய இரண்டாம் நாள் மதியம் முகத்தில் அறைந்த பிறகுதான் வருகிறது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கேள்வி முதலிலேயே வர வேண்டும். இங்கிருந்து கடலோரமாக வடக்கே போனால் சென்னை சுமார் 150 கி.மீ. தெற்கே கடலூர், சிதம்பரம், காரைக்கால், நாகப்பட்டினம், ராமநாதபுரம், தூத்துக்குடி எனப் பிடித்துப் போனால் கன்னியாகுமரி ஏறத்தாழ 650 கி.மீ. வழியில் மலை கிடையாது, சொல்லிக்கொள்ளும்படி ஏற்றமும் கிடையாது. அதனால் எளிதான பாதை என்று நினைத்துவிடுகிறோம். இந்தப் பாதையில் காற்றுதான் மலை. ஒரு வித்தியாசம், நிஜ மலை இடம் மாறாது. இந்த மலை மாதத்துக்கு ஒரு பக்கம் மாறி நிற்கும்.

ஒரே மாதம், இரண்டு கடற்கரை

இதைப் புரிந்துகொள்ள ஒரு பெரிய பயணத்தை எடுத்துக்கொள்ளலாம். 2025 மார்ச் 7-ம் தேதி, மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் கடலோர சைக்கிள் பேரணி தொடங்கியது. ஓர் அணி குஜராத்தின் லக்பத் கோட்டையிலிருந்து மேற்குக் கடற்கரையோரமாகக் கிளம்பியது. இன்னோர் அணி மேற்கு வங்கத்தின் பக்காலியிலிருந்து கிழக்குக் கடற்கரையோரமாகக் கிளம்பியது. இரண்டு அணிகளும் சேர்த்து 6,553 கி.மீ. 25 நாள்களில் கடந்து, மார்ச் 31-ம் தேதி கன்னியாகுமரியில் பயணத்தை முடித்தார்கள். 125 வீரர்கள், அதில் 14 பேர் பெண்கள்.

இரண்டு அணிகளுக்கும் ஒரே மாதம், ஒரே இலக்கு, ஒரே தெற்குத் திசை. ஆனால் இரண்டு கரையிலும் மார்ச் மாதக் காற்று ஒன்றல்ல. மேற்குக் கடற்கரையில் மார்ச்சில் பொதுவாக வடமேற்கிலிருந்து காற்று வீசும். தெற்கே போகிறவருக்கு அது முதுகுப் பக்கம் கிடைக்கும் காற்று. கிழக்குக் கடற்கரையிலோ, ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் மார்ச்சில் காற்று தெற்கு, தென்கிழக்குப் பக்கம் திரும்பிவிடும். தெற்கே போகிறவருக்கு அது எதிர்க்காற்று.

அவர்கள் பயிற்சி பெற்ற வீரர்கள், துணைக்கு வாகனங்களும் ஆட்களும் உண்டு. சராசரி போட்டுப் பார்த்தால் ஓர் அணி ஒரு நாளைக்கு 130 கி.மீ. அளவுக்குப் போயிருக்கிறது. அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் பை கட்டிக்கொண்டு கிளம்பும் சாதாரண ஆளுக்கு ஒரு நாளில் 60, 70 கி.மீ. என்பதே நிம்மதியான தூரம். அவருக்குக் காற்றோடு சண்டை போடும் வசதி இல்லை. காற்றுக்கு ஏற்ற மாதத்தையும் திசையையும் தேர்ந்தெடுக்கும் வசதி மட்டும் இருக்கிறது.

நான்கு காற்று, நான்கு முடிவு

தமிழில் நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. கடலோர ஊர்களில் இவை இன்றும் பேச்சில் புழங்கும் சொற்கள். சைக்கிள் பயணத்துக்கும் இந்த நான்கே போதும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: வடகிழக்குப் பருவமழைக் காலம். புதுச்சேரியின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் இந்த மூன்று மாதங்களில்தான் கொட்டுகிறது. காற்றின் திசை தெற்கே போக உதவும்தான். மழையும் புயலும் வெள்ளமும் அந்த உதவியைப் பறித்துக்கொள்ளும். நீண்ட பயணத்துக்கு உகந்த காலமல்ல.

ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை: மழை ஓய்ந்திருக்கும், வடகிழக்குக் காற்று இன்னும் ஓயாமல் வீசும். வெயில் கடுமையாக இருக்காது. தெற்கே போக, ஆண்டிலேயே சிறந்த நான்கைந்து வாரங்கள் இவை.

மார்ச் முதல் மே வரை: தெற்கு, தென்கிழக்குக் காற்று. சைக்கிளை வடக்கே திருப்ப வேண்டிய காலம். சென்னை வரை போகலாம். ஆனால் வெயில் இருக்கிறது, அதற்கென்று தனிக் கணக்கு உண்டு. கீழே பார்ப்போம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: மேல்காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது சும்மா வந்த சொலவடை இல்லை. புதுச்சேரிப் பக்கம் இது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் பக்கக்காற்று. தெற்கே போகப் போக வலுக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் இந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. காற்றாலைக்கு நல்ல மாதம் சைக்கிளுக்கு நல்ல மாதமாக இருக்காது.

இந்தக் காற்றுக் கணக்குக்குப் புதுச்சேரி கடற்கரையே சாட்சி. ஆண்டில் அதிக மாதங்கள் தெற்கிலிருந்து வரும் காற்றும் அலையும் மணலை வடக்கே நகர்த்துகின்றன. வாடைக் காலத்தில் மட்டும் மணல் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1980-களில் ஊரின் தெற்கே துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் வந்ததும், வடக்கே போக வேண்டிய மணல் அங்கேயே தேங்கியது. ஊருக்கு நேரே இருந்த மணற்பரப்பு கரைந்து, கருங்கல் பாறைகள் போட வேண்டியதாயிற்று. கடற்கரைச் சாலையில் அந்தக் கற்களைப் பார்க்கிறவர்கள், இந்தக் கரையில் எந்தக் காற்றுக்கு மாதங்கள் அதிகம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பொங்கல் முடியட்டும்

கிறிஸ்துமஸ் விடுமுறையில் கிளம்பினால் என்ன? டிசம்பர் கடைசியில் மழை முடிந்திருக்குமே? இந்தக் கேள்விக்குப் பதில் புதுச்சேரியின் வரலாற்றிலேயே இருக்கிறது.

தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30-ம் தேதி காலை. புத்தாண்டுக்கு ஒரு நாள் பாக்கி. இன்னும் பின்னால் போனால் 1761 ஜனவரி 1. அப்போது ஆங்கிலேயப் படை பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தது. அன்று அடித்த புயலில், கரைக்கு எதிரே நின்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் பல மூழ்கின, சில கரைதட்டின. நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அதே மாதம் நகரம் சரணடைந்துவிட்டது என்பது தனிக்கதை. பயணம் திட்டமிடுகிறவர் கவனிக்க வேண்டியது தேதியை.

பாய்மரக் காலத்து மாலுமிகளுக்கு இந்தக் கரையின் குணம் நன்றாகத் தெரியும். அக்டோபர் நடுவிலிருந்து சில வாரங்களுக்குச் சோழமண்டலக் கரையில் கப்பலை நிறுத்தவே தயங்குவார்கள். தயங்காமல் நின்றவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1746-ல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்கள், அந்த அக்டோபர் நடுவில் அடித்த புயலில் சிதைந்தன. இன்றும் புதுச்சேரியில் அவர் பெயரில் ஒரு வீதி இருக்கிறது.

அண்மையில் வந்தது ஃபெஞ்சல். 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. 24 மணி நேரத்தில் சுமார் 46 செ.மீ. மழை கொட்டியது. அதோடு முடியவில்லை. உள்மாவட்டங்களில் பெய்த மழைநீர் சேர்ந்து, அடுத்த இரண்டு மூன்று நாள்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. வானம் வெளுத்துவிட்டதே என்று சாலைக்கு வருபவரை ஆறு மறிக்கும் என்பது அந்த வாரம் கற்றுக்கொடுத்த பாடம். இந்தக் கடற்கரையில் ஓடும் ஆறுகள் எல்லாம் மேற்கே எங்கோ பெய்த மழையைச் சுமந்துகொண்டு தாமதமாக வருபவை.

ஆகவே கணக்கு எளிது. தெற்கே போகிறவர்கள் பொங்கல் முடிந்த பிறகு கிளம்பலாம். அப்போதும் புயல் வரவே வராது என்று யாரும் எழுதித் தர முடியாது. ஆனால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருக்கும்.

எதிர்க்காற்றின் வட்டி

"போகும்போது எதிர்க்காற்று இருந்தால், வரும்போது பின்காற்று கிடைக்கும். கணக்கு நேராகிவிடும்" என்று ஒரு நம்பிக்கை உண்டு. நேராகாது.

காற்று இல்லாத நாளில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். 60 கி.மீ. போக 3 மணி நேரம், திரும்பி வர 3 மணி நேரம், ஆக 6 மணி நேரம். எதிர்க்காற்றில் அவர் வேகம் 14 ஆகக் குறைகிறது, பின்காற்றில் 26 ஆகக் கூடுகிறது என்று வையுங்கள். போக 4 மணி 17 நிமிடம், வர 2 மணி 18 நிமிடம். மொத்தம் சுமார் 6 மணி 35 நிமிடம். காரணம் இதுதான்: எதிர்க்காற்றில் கழியும் நேரம் நீளமானது, பின்காற்றின் சுகம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

உடம்பு கொடுக்கும் விலை இன்னும் அதிகம். காற்றின் தடை, உடம்பில் மோதும் காற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 20 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு எதிரே 15 கி.மீ. காற்று வந்தால், உடம்பில் மோதுவது 35 கி.மீ. காற்று. அந்த வேகத்தைக் குறைக்காமல் போக நினைத்தால், காற்றின் தடை மூன்று மடங்கு. அதே காற்று முதுகில் இருந்தால் மோதுவது வெறும் 5 கி.மீ. தடை பதினாறில் ஒரு பங்கு. ஒரே சாலை, ஒரே சைக்கிள், ஒரே ஆள். திசை மட்டும்தான் வேறு.

எதிர்க்காற்றில் வேகத்தைக் காப்பாற்ற நினைப்பதுதான் பலரும் செய்வது. கியரைக் குறைத்து, 12, 13 கி.மீ. வேகத்துக்கு மனதைத் தயார்படுத்திக்கொள்பவர்கள் ஊர் போய்ச் சேருகிறார்கள். கூட இன்னொருவர் இருந்தால், முன்னால் போகிறவரின் நிழலில் ஒதுங்கிப் போய், சில நிமிடங்களுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்ளலாம். பின்னால் வருபவருக்குப் பளு கணிசமாகக் குறையும்.

பின்காற்றிலும் ஓர் ஆபத்து உண்டு. மே மாதம் வடக்கே போகும்போது, பின்னாலிருந்து வரும் காற்றின் வேகமும் சைக்கிளின் வேகமும் ஒன்றாகிவிட்டால், உடம்பில் காற்றே படாது. வியர்வை உலராது. கத்திரி வெயிலில், நகரும் அடுப்பில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். சுகமாகப் போகிறோம் என்ற நினைப்பிலேயே வெப்ப மயக்கம் வந்துவிடலாம். மார்ச் முதல் மே வரை போகிறவர்கள் விடிவதற்கு முன் கிளம்பி, 10 மணிக்குள் அன்றைய தூரத்தில் பெரும்பகுதியை முடிப்பதற்கு இதுதான் காரணம். சென்னைக்கு ஒரே நாளில் என்று வீம்பு பிடிக்காமல், மாமல்லபுரத்தில் ஒரு இரவு தங்கிப் போகலாம்.

ஒரு நாளுக்குள் நான்கு பொழுது

மாதக் காற்று பெரிய கணக்கு. அதற்குள் தினசரிக் கணக்கு ஒன்று ஓடுகிறது. இரவில் நிலம் சீக்கிரம் குளிர்கிறது, கடல் மெதுவாகக் குளிர்கிறது. அதனால் அதிகாலையில் நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று வீசும், பல நாள்களில் காற்றே இருக்காது. வெயில் ஏறி நிலம் சுட்டதும் கடல்காற்று உள்ளே வரும். இந்தக் கரையில் அது முற்பகலிலோ நண்பகலிலோ தொடங்கி, பிற்பகலில் உச்சத்துக்குப் போய், மாலையில் தளரும்.

ஜனவரியில் இந்தக் கடல்காற்று வாடையோடு சேர்ந்துகொள்ளும். தெற்கே போகிறவருக்குப் பிற்பகல்தான் அதிகம் தள்ளிவிடும் பொழுது. அதனால் தை மாதப் பனியில் இருட்டோடு கிளம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. பனிமூட்டம் விலகி, எதிரே வரும் லாரிக்கு நம்மைத் தெரியும் நேரத்தில் கிளம்பினால் போதும். ஏப்ரலில் யாராவது தெற்கே போக நேர்ந்தால் எல்லாம் தலைகீழ். காலை 10 மணிக்குப் பிறகு கிடைக்கும் ஒவ்வொரு கிலோமீட்டரும் போராடி வாங்கியதாகத்தான் இருக்கும்.

சாலை திரும்பினால் காற்றும் திரும்பும்

வாடைக் காலத்தில் தெற்கே போனால் கன்னியாகுமரி வரை பின்காற்று என்று சொல்லிவிடலாமா? முழுக்கச் சொல்ல முடியாது. கடற்கரை நேர்கோடு இல்லை.

புதுச்சேரியிலிருந்து சிதம்பரம் சுமார் 65 கி.மீ., காரைக்கால் சுமார் 130 கி.மீ. அங்கிருந்து நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம். இதுவரை சாலை பெரும்பாலும் தெற்கு நோக்கியே போகிறது. வடகிழக்குக் காற்று இடது தோளுக்குப் பின்னாலிருந்து தள்ளும். முதல் மூன்று நாள்கள் சொகுசுதான். ஜனவரி, பிப்ரவரியில் டெல்டாவில் சம்பா அறுவடை நடக்கும். சாலையில் ஒரு பக்கம் நெல் காயும். காற்றில் வேகம் கிடைக்கிறதே என்று கவனம் தப்பினால் நெல்மணியில் சறுக்கும்.

கோடியக்கரையில் கடற்கரை மேற்கே மடங்குகிறது. வேதாரண்யத்திலிருந்து திருத்துறைப்பூண்டிக்குப் போகும் சாலை வடமேற்கே ஏறுகிறது. இங்கே அதே வாடை வலது பக்கத்திலிருந்து அடிக்கும் பக்கக்காற்று. உப்பளமும் வயலுமாகத் திறந்த வெளி, ஒதுங்க மரம் குறைவு. திருத்துறைப்பூண்டி தாண்டி முத்துப்பேட்டைக்குத் திரும்பியதும் மறுபடி முதுகுக்கு வந்துவிடும். அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், மணமேல்குடி, தொண்டி, தேவிபட்டினம் வழியாக ராமநாதபுரம் வரை நல்ல காற்று. ஆனால் இந்தப் பகுதியில் தங்கும் இடங்கள் குறைவு. காற்று தள்ளுகிறதே என்று அடுத்த ஊருக்குப் போவதற்கு முன், அங்கே அறை இருக்கிறதா என்று போனில் கேட்டுக்கொள்வது நல்லது.

ராமேஸ்வரம் போக ஆசைப்படுகிறவர்கள் ஒரு நாளைக் காற்றுக்குக் காணிக்கையாக ஒதுக்க வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து சாலை கிழக்கே திரும்புகிறது. வாடை இடது முன்பக்கத்திலிருந்து முகத்தில் அடிக்கும். பாம்பன் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், தடுக்க எதுவும் இல்லை. பக்கத்துப் பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. ரயிலுக்கே அப்படி என்றால், பை கட்டிய சைக்கிளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்று பலமாக இருந்தால் பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

ராமநாதபுரத்திலிருந்து சாயல்குடி, தூத்துக்குடி, திருச்செந்தூர், உவரி, கன்னியாகுமரி. சாலை தென்மேற்காக இறங்குவதால் வாடைக் காற்று நேராக முதுகில். பயணத்தின் கடைசிப் பகுதி இப்படி அமைவது இந்தத் திசைக்குக் கிடைக்கும் பரிசு. இதே பகுதியை ஜூலையில் கடக்கிறவர் மேல்காற்றையும் தேரிக்காட்டுச் செம்மணலையும் முகத்தில் வாங்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

திரும்பி வருவது ரயிலில். கன்னியாகுமரி, புதுச்சேரி இடையே வாராந்திர ரயில் ஓடுகிறது. சைக்கிளைப் பார்சலில் பதிவு செய்து அனுப்பலாம். அந்த ரயிலின் கிழமையை முதலில் பார்த்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி நாள்களை எண்ணினால் கிளம்பும் தேதி கிடைத்துவிடும்.

பக்கக்காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது?

எதிர்க்காற்று களைப்பைத்தான் தரும். பக்கக்காற்று ஆளைக் கீழே தள்ளும். இந்தியாவில் சாலையின் இடது ஓரமாகப் போகிறோம். தெற்கே போகும்போது கடல் இடது கைப் பக்கம். கடல்காற்று நம்மை வலப்பக்கம், அதாவது வண்டிகள் போகும் பக்கம் தள்ளும். வடக்கே போகும்போது கடல் வலது கைப் பக்கம். காற்று நம்மைச் சாலையோர மண்ணுக்குத் தள்ளும்.

வலது பக்கமிருந்து காற்று வரும்போது இன்னொரு சிக்கல். பேருந்தோ லாரியோ நம்மை முந்தும்போது, அது காற்றை ஒரு கணம் மறைத்துவிடும். காற்றுக்கு எதிராகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்த உடம்பு, சட்டென்று லாரியின் பக்கம் சாயும். லாரி கடந்ததும் காற்று மறுபடி அறையும். பின்னால் பெரிய வண்டி வரும் சத்தம் கேட்டதும் இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, ஓரத்தில் ஓர் அடி இடம் வைத்துக்கொள்வது உயிர் காக்கும் பழக்கம்.

சவுக்குத் தோப்பு முடியும் இடம், ஊர் முடிந்து வெளி தொடங்கும் இடம், ஆற்றுப் பாலத்தின் முதல் பத்து மீட்டர். காற்று திடீரென மாறும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். கொள்ளிடம் பாலத்திலும், மரக்காணம், வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளங்களுக்கு நடுவிலும் இதை நேரிலேயே உணரலாம்.

முன்னறிவிப்பை வாசிக்கும் விதம்

வானிலைச் செய்தியில் "வடகிழக்குக் காற்று" என்றால் வடகிழக்கிலிருந்து வரும் காற்று. ஆனால் பெரும்பாலான செயலிகளில் அம்புக்குறி, காற்று போகும் திசையைக் காட்டும். வடகிழக்குக் காற்றுக்கு அம்பு தென்மேற்கைக் காட்டும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, எதிர்க்காற்றுக்கு நேராகத் திட்டம் போடுகிறவர்கள் உண்டு. வேகம் 'நாட்' அளவில் இருந்தால் 1 நாட் என்பது 1.852 கி.மீ. 15 நாட் என்றால் மணிக்கு சுமார் 28 கி.மீ. எண் சிறியது என்று ஏமாந்துவிடக் கூடாது.

முதல் இரண்டு மூன்று நாள்களுக்கான கணிப்பை நம்பித் தூரத்தை முடிவு செய்யலாம். பத்தாம் நாள் கணிப்பை வைத்து லாட்ஜுக்கு முன்பணம் கட்டுவது வீண். தினமும் மாலை அடுத்த நாளின் கணிப்பைப் பார்த்து, தேவைப்பட்டால் தூரத்தை மாற்றிக்கொள்வதுதான் வழி.

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மழை எச்சரிக்கை நிறங்கள் எல்லோருக்கும் பழக்கம். சைக்கிள்காரர்கள் அதிகம் பார்க்காத, ஆனால் மிகவும் பயன்படும் ஒன்று மீனவர்களுக்கான எச்சரிக்கை. எந்தக் கடல் பகுதியில் எத்தனை கி.மீ. வேகத்தில் சூறைக்காற்று வீசக்கூடும் என்று அதில் வந்துவிடும். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலை உயரத்தையும் சொல்கிறது. துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டும் இன்னொரு மொழி. 1, 2 எண்கள் புயல்சின்னம் தொலைவில் இருப்பதைச் சொல்கின்றன. 3, 4 வந்தால் துறைமுகப் பகுதியிலேயே மோசமான வானிலை வரலாம் என்று பொருள். 5 முதல் அபாயம். 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

கைப்பேசி இல்லாமலும் ஓர் அளவுகோல் உண்டு. கரையில் உடையும் அலையை விட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளிக் கடலைப் பார்க்க வேண்டும். ஆங்காங்கே வெள்ளை நுரை பூத்தால் காற்று மணிக்கு 15 கி.மீ.யை ஒட்டி இருக்கிறது. எங்கு பார்த்தாலும் நுரை என்றால் 20-ஐத் தாண்டிவிட்டது. அது முதுகுப் பக்கமா, முகத்துப் பக்கமா என்பதுதான் அடுத்த கேள்வி.

வீட்டுக்கு ஒரு தாள்

பயணத்தில் கடினமான முடிவு, நிறுத்துவது. லீவு போட்டாச்சு, நண்பர்களிடம் சொல்லியாச்சு, வாட்ஸ்அப்பில் போட்டோவும் போட்டாச்சு. நாலாம் நாள் காலை வானம் கறுத்து நிற்கும்போது, "கொஞ்ச தூரம்தானே" என்று சொல்லத்தான் மனம் வரும். களைத்த ஆள் சாலையோரத்தில் எடுக்கும் முடிவை நம்ப முடியாது. அதனால் அந்த முடிவை வீட்டில், நிதானமாக இருக்கும்போதே எடுத்து, ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியை வீட்டில் இருப்பவர்களிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புவது நல்லது. தாளில் இருக்க வேண்டியவை இவ்வளவுதான்:

• அந்தப் பகுதி மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை இருந்தால், அன்று சைக்கிளும் ஓடாது.

• ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை நாளில் இருக்கும் ஊரிலேயே இருப்பது.

• 1 அல்லது 2-ம் எண் கூண்டு ஏறினால், ரயில் நிலையம் உள்ள அடுத்த ஊரைத் தாண்டுவதில்லை. 3-ம் எண் ஏறினால் கிளம்புவதே இல்லை.

• எதிர்க்காற்று 25 கி.மீ.க்கு மேல் என்றால், அன்றைய தூரம் பாதி.

• இடிச் சத்தம் கேட்டால் கட்டடத்துக்குள் போவது. மரத்தடி கூடாது.

• சாலையில் தண்ணீர் ஓடினால் இறங்குவதில்லை. ஆழம் எவ்வளவு என்று பார்க்கவும் கூடாது.

• பிற்பகல் 3 மணிக்குள் பாதித் தூரம் கடக்கவில்லை என்றால், அடுத்து வரும் ஊரில் அறை.

• ஐந்து நாள் சைக்கிள் ஓட்டத்துக்கு ஒரு நாள் உபரி. 650 கி.மீ. பயணத்தை பத்து நாள்களில் முடிக்க நினைத்தால் பன்னிரண்டு நாள் லீவு.

உபரி நாள்கள் இல்லாத திட்டத்தில்தான் மற்ற எல்லா விதிகளும் மீறப்படுகின்றன. திங்கள்கிழமை அலுவலகத்தில் இருந்தே ஆக வேண்டும் என்ற அவசரம், ஞாயிற்றுக்கிழமை புயல்காற்றில் ஆளைச் சாலைக்கு அனுப்பிவிடும். இரண்டு நாள் லீவு கூடுதலாகக் கிடைக்கவில்லை என்றால், பயணத்தை நாகப்பட்டினத்தோடு முடித்துக்கொண்டு ரயில் ஏறலாம். சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, ராமநாதபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர் என வழி நெடுக ரயில் நிலையங்கள் இருக்கின்றன. மிச்சத் தூரத்தை அடுத்த தை மாதம் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வாடைக் காற்று அப்போதும் அதே பக்கமிருந்துதான் வரும்.